உரக் கொட்டகையில் நின்ற மொரிஸ் மைனர்: கழல மறுத்த பாகங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில், இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து லொறியில் ஏற்றப்பட்டு அட்டனிலுள்ள எங்கள் கராஜுக்கு ஒரு மொரிஸ் மைனர் 1000 கார் வந்து சேர்ந்தது. அதைப் பாகம் பாகமாகக் கழற்றியபோது எதிர்கொண்டவற்றை இங்கே பதிவுசெய்கிறேன். வர்ணம் பூசியதும், இருக்கைக்கு உறை தைத்ததும், எஞ்சின் முதன்முதலில் உயிர்பெற்றதும் இதில் வரமாட்டா; கழற்றிய கதை மட்டுமே உண்டு, ஏனெனில் பழைய காரொன்றைப் புதுப்பிக்கும்போது பணத்தையும் நாட்களையும் அதிகம் தின்பது அந்த வேலைதான். ஒரு பாகம் ஏன் கழலவில்லை என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்தக் கார் நின்ற இடத்திலேயே கிடக்கிறது என்பதை நான் இந்த வேலையில்தான், அதுவும் ஒரு ஸ்டட்டை (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்டை) முறித்த பிறகுதான், சரியாக விளங்கிக்கொண்டேன்.

காரும் அது நின்ற கொட்டகையும்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948 இல் அறிமுகமானது. 1956 இல் 948 கன சென்ரிமீற்றர் ஏ-சீரிஸ் வகை எஞ்சினைப் பெற்று மைனர் 1000 ஆனது. எங்களிடம் வந்தது 1959 ஆம் ஆண்டுக்குரிய நான்கு கதவுக் கார். 1960களின் தொடக்கத்தில் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை அந்தக் கட்டுப்பாடு நீடித்ததால், இலங்கையில் இத்தகைய பிரித்தானியக் கார்கள் அவற்றின் ஆயுளுக்கு மேலும் ஓட்டப்பட்டன. பிற்காலத்தில் நாட்டின் தென்பகுதியில் மைனருக்கான உதிரிப்பாகங்கள் தயாரிக்கப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்ட அளவுக்கு இந்தக் காரைப் பற்றிய கைப்பழக்கம் இங்கே ஊறியிருந்தது. அந்தக் கைப்பழக்கத்தில் நல்லதும் இருக்கிறது, பாகங்களின் மூலையைத் தின்ற கெட்டதும் இருக்கிறது.

காரின் உரிமையாளர் ஓய்வுபெற்ற டீமேக்கர், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின் உற்பத்திக்குப் பொறுப்பாக இருந்தவர். தொழிற்சாலையில் பணியாற்றிய காலத்தில் வாங்கிய காரை, ஓய்வுபெற்று அட்டனுக்குக் குடிவந்தபோது தோட்டத்துப் பழைய உரக் கொட்டகை ஒன்றில் விட்டுவைத்திருந்தார். ஆறு மாதத்துக்கு என்று விட்ட கார் பதினொரு ஆண்டுகள் நின்றது. காரை ஏற்றச் சென்றபோது நானே கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தேன். ஆனால் பார்த்ததை அன்று குறித்துக்கொள்ளவில்லை. இடப்பக்கச் சுவரோடு யூரியா, சல்பேட் ஒஃப் அமோனியா ஆகிய உரங்களும் டொலமைட் என்ற சுண்ணாம்புப் பாறைத் தூளும் கொண்ட மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்தியவை ஈரத்தில் கட்டியாகித் தரையோடு ஒட்டியிருந்தன. தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடைவெளி வழியாகப் பிற்பகல் தோறும் மூடுபனி உள்ளே வந்தது. காரின் இடப்பக்கம் மூட்டைகளைப் பார்த்தபடி நின்றிருந்தது.

முதலில் கண்டறிந்தவை

வேலை தொடங்கிய முதல் இரண்டு நாட்களும் நாங்கள் எதையும் கழற்றவில்லை. கம்பித் தூரிகையால் ஒவ்வொரு நட்டையும் சுத்தம் செய்து, எது எந்த நிலையில் இருக்கிறதென்று ஒரு கொப்பியில் எழுதினோம். அப்போதே ஒரு விடயம் துலங்கியது: நட்டுகளில் பல, துருவினால் அல்ல, முன்னர் கழற்றியவர்களின் ஸ்பேனரால் கெட்டிருந்தன. ஏ-சீரிஸ் எஞ்சினில் அதிகம் வரும் 5/16 அங்குல நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் வேண்டும், அது 12.7 மில்லிமீற்றர். ஜப்பானிய வாகனங்களோடு பழகிய கராஜ்களில் கைக்கெட்டுவது 13 மில்லிமீற்றர் சொக்கட். அந்த 0.3 மில்லிமீற்றர் தளர்வு, நல்ல நிலையிலுள்ள நட்டைக் கழற்றும்போது ஒன்றும் செய்யாது. இறுகிப்போன நட்டில் அதே தளர்வு ஆறு மூலைகளையும் மழுங்கடித்துவிடும். பன்னிரண்டு முனைச் சொக்கட்டாயின் இன்னும் விரைவாக மழுங்கும். ஆகவே அங்குல அளவில் ஆறுமுனைச் சொக்கட் தொகுதியொன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுத்தோம். இதற்காக நான்கு நாட்கள் காத்திருந்ததை என் உதவியாளரான தம்பி அன்று வீண் என்றே நினைத்தார்.

ஒரு நட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி, நட்டின் முகம் உலோகத்தோடு உரசும் இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய நாற்பது சதவீதம் மரைகளின் உராய்வில் போகிறது. எஞ்சிய பத்து சதவீதம் மட்டுமே போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் பயன்படுகிறது. கழற்றும்போதும் முதலில் வெல்ல வேண்டியது அந்த இரு உராய்வுகளையே. அதனால்தான் நட்டின் தலையில் நேராக விழும் ஓர் அடி, ஸ்பேனரில் தொங்கும் ஓர் ஆளின் பாரத்தைவிடச் சிலவேளை அதிகம் சாதிக்கிறது.

இலகுவாக வந்தவையும் அடித்து வந்தவையும்

பிரேக் டிரம்களில் நேரம் அதிகம் போகவில்லை. ஒவ்வொரு டிரம்மையும் பிடித்திருந்த இரண்டு பதிதலைத் திருகாணிகளையும் சாதாரணத் திருப்புளியால் முயன்று பார்ப்பதே தவறு. ஒரு முறை வழுக்கினால் தலையிலுள்ள வெட்டு போய்விடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பெக்ட் டிரைவரைக் கொண்டு எட்டில் ஏழை எடுத்தோம்; எட்டாவதன் தலையைத் துளையிட்டு நீக்கினோம். திருகாணி போன பின்பும் டிரம் வராததற்குக் காரணம் வேறு: பிரேக் கட்டை உரசி உரசி டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வரம்பு எழும்பியிருந்தது, கட்டை அந்த வரம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. டிரம் முகத்திலுள்ள துளை வழியாக, பிரேக் கட்டையை டிரம்மை நோக்கி நகர்த்தும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டியபோது முன்சக்கர டிரம்கள் வந்துவிட்டன. இந்த இடத்தில் பலர் டிரம்மின் விளிம்பில் சம்மட்டியால் ஓங்கி அடிப்பதைக் கண்டிருக்கிறேன். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

ஸ்டியரிங் தடிகளின் முனைகளோ அடிக்காமல் வராதவை. கூம்பு வடிவ முள், கூம்புத் துளைக்குள் இறுகி நிற்கும் அந்தப் பொருத்துக்கு எண்ணெய் விட்டு என்ன பயன்? அந்தத் துளையைச் சூழ்ந்த இரும்பு வளையத்தின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து மறுபக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஒரே வீச்சாக அடித்தால், துளை ஒரு கணம் நீள்வட்டமாகிக் கூம்பை விட்டுவிடும். நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு சுற்று மிச்சம் வைத்திருந்தோம். இல்லாவிடில் தடி முகத்தில் வந்து விழும்.

முன்சக்கரங்களைத் தாங்கும் சுழல்முள்ளும் அதன் மரை கொண்ட கீழ்ப் பொருத்தாகிய டிரனியனும் மைனரின் பலவீனம் என்பது இந்தக் காரை அறிந்த எவருக்கும் தெரியும். தவறாமல் கிறீஸ் ஏற்றாவிட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிழக்கூடும். இங்கே மரை தேயவில்லை. பழைய கிறீஸ் காய்ந்து அரக்காகியிருந்தது. காஸ் வெல்டிங் சுவாலையால் மெதுவாகச் சூடாக்கியதும் அரக்கு இளகி வழிந்தது. இதற்கு முன் செய்ய வேண்டியதைக் குறிப்பிடாமல் விட முடியாது: மைனரின் முன் சஸ்பென்ஷன், நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பியால் இயங்குவது, காரின் முன்பாரம் முழுவதும் அந்தக் கம்பியில் முறுக்காகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப்பக்க இரும்புக் கையை ஜாக்கால் தாங்காமல் மேல்பொருத்தைக் கழற்றினால் அந்த இரும்புக் கை கீழ்நோக்கி அறையும். அதே கம்பிதான், ஓட்டுநரின் கால்தளத்துக்குக் கீழே சட்டத்தோடு ஒட்டியிருக்கும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் போல்ட்டுகள் வெளியே வர வழிவிடாமல் மறித்துக்கொண்டிருப்பதும். அந்த இரு போல்ட்டுகளுக்காக ஒரு முழுநாள் போனது. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

சுழலாத எஞ்சின்

எஞ்சினைக் கையால் சுழற்றும் ஹேண்டிலை மாட்டித் திருப்பியபோது அது ஒரு பாகைகூட அசையவில்லை. நின்றுபோன எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. எஞ்சின் நின்ற கணத்தில் எந்தச் சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள்தான் வெளிக்காற்று ஆண்டுக்கணக்காகப் போய்வரும். எங்கள் காரில் காற்று வடிகட்டி கழற்றப்பட்டு கார்புரேற்றரின் வாய் திறந்தே கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரின் சுவர் மட்டும் செம்மண் நிறத்தில் இருந்தது.

அசிற்றோனையும் ஒட்டோமெற்றிக் கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து நான்கு சிலிண்டர்களிலும் ஊற்றினோம். இவ்விரண்டும் முழுமையாகக் கலப்பதில்லையாகையால் போத்தலைக் குலுக்கிய கையோடு ஊற்ற வேண்டும். அசிற்றோன் எளிதில் தீப்பற்றுவதால் அன்று கராஜில் வெல்டிங் எதுவும் செய்யவில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே பிஸ்டனைச் சுற்றியுள்ள மோதிரத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் எண்ணெய் நுழைய மயிரிழை வழிதான் இருக்கும், அந்த வழியில் அது ஊர்ந்து செல்ல நாட்கள் வேண்டும். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஹேண்டிலை இரு பக்கமும் மெல்ல ஆட்டினோம். ஹேண்டிலில் குழாய் மாட்டி நீட்டித் திருப்பவில்லை. அப்படித் திருப்பினால் மோதிரம் உடைந்து, உடைந்த துண்டு சுவரில் கோடு கிழிக்கும். பன்னிரண்டாம் நாள் ஹேண்டில் விரல் நுனியளவு நகர்ந்தது. அதற்குப் பின் அரை நாள் போதுமாயிருந்தது.

தேர்மோஸ்டாட் ஹவுசிங்

இந்த வேலையில் எங்களை அதிகம் அலைக்கழித்தது உள்ளங்கையளவு அலுமினியத் துண்டு. ஏ-சீரிஸ் எஞ்சினின் சிலிண்டர்களை மேலே மூடும் வார்ப்பிரும்புத் தலையின் முன்பக்கத்தில் மூன்று எஃகு ஸ்டட்டுகள் நட்டுக்கொண்டிருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டை மூடும் அலுமினிய ஹவுசிங் அவற்றில் செருகப்பட்டு, மேலே மூன்று நட்டுகளால் இறுக்கப்படும். நட்டுகள் மூன்றும் சிரமமின்றிக் கழன்றன. ஹவுசிங் மட்டும் எழும்பவில்லை.

நான் செய்த தவறு இங்கேதான். ஸ்டட்டைக் கழற்றிவிட்டால் ஹவுசிங் தானாக வருமென்று எண்ணி, முன் ஸ்டட்டின் மரையில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, கீழ்நட்டைத் திருப்பினேன். கை உணர்ந்த முதல் தளர்வில் மகிழ்ச்சி வந்தது. அது ஸ்டட் கழலும் தளர்வாக இருக்கவில்லை. எஃகு முறுகி இளகும் தளர்வு. அடுத்த கால் சுற்றில் ஸ்டட் ஹவுசிங்கின் மேல்முகத்தோடு அறுந்தது.

அன்று மாலை, முன்னர் டீமேக்கர் ஐயாவோடு ஒரே தொழிற்சாலையில் பிட்டராக இருந்த அண்ணன் ஒருவர் காரைப் பார்க்க வந்தார். ரோலர்களையும் உலர்த்திகளையும் நாற்பது வருடம் கழற்றிப் பூட்டியவர். முறிந்த ஸ்டட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற ஒன்ன நடுவுல முறுக்கினா நடுவுலதான் அறும்” என்றார். பிறகு ஹவுசிங்கின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, நகத்தில் ஒட்டிய வெள்ளைத் தூளைக் காட்டி, கார் எங்கே நின்றதென்று கேட்டார். உரக் கொட்டகை என்றதும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த வெள்ளைத் தூள்தான் விடயம். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம்போல் இயங்கி அலுமினியம் அரிக்கப்படும். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொருள், ஸ்டட்டுக்கும் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளியை சீமெந்து ஊற்றியதுபோல நிரப்பிவிடும். வெறும் மூடுபனி நீரைவிட உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உரத்தூள் படிந்த ஈரம் அத்தகையதே. நான் மூன்று நாட்களாக விட்ட ஊடுருவும் எண்ணெய் ஏன் பயன்படவில்லை என்பதும் இதனால் புலனாயிற்று: ஊடுருவ அங்கே இடைவெளியே இல்லை.

அண்ணனின் யோசனைப்படி சுவாலையை விட்டுவிட்டுச் சுடுநீருக்குப் போனோம். அலுமினியம் ஏறத்தாழ 660 பாகை செல்சியஸில் உருகும். ஆனால் இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிடும். கொதிநீருக்கு அந்த ஆபத்தில்லை. ஒரு பாகை வெப்பம் கூடும்போது அலுமினியம் ஒரு மில்லியனில் 23 பங்கும் எஃகு 12 பங்கும் விரிகின்றன. 8 மில்லிமீற்றர் துளையை 75 பாகையால் சூடேற்றினால், துளைக்கும் ஸ்டட்டுக்கும் இடையில் கிடைக்கும் கூடுதல் இடம் 0.007 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலிருப்பதால் இங்கே தண்ணீர் 96 பாகையளவில் கொதித்துவிடுகிறது. கேத்தலைவிட்டு ஹவுசிங்கைத் தொடும்போது இன்னும் குறைந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது தம்பி சிரித்தார். சிரிப்பதற்கு இடமுண்டு. ஆயினும் சூடேற்றிக் குளிரவிடுவதை மீண்டும் மீண்டும் செய்யும்போது, ஒருமுறை கிடைக்கும் இடைவெளியைவிட, நொறுங்கும் தன்மையுள்ள வெள்ளைக் கட்டியில் ஒவ்வொரு முறையும் விழும் வெடிப்பே வேலையைச் செய்கிறது.

கொதிநீர், மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டல், குளிர்நீர், எண்ணெய், மறுபடி கொதிநீர். இப்படி இரண்டு நாட்களில் பதினான்கு முறை. பத்தாம் முறையில் இடப்பக்க ஸ்டட்டைச் சுற்றி எண்ணெய் குமிழியிட்டு உள்ளே இறங்கியது. ஹவுசிங்கின் அந்த ஓரம் தாள் தடிப்பளவு எழும்பியது. மற்ற இரண்டும் அசையவில்லை.

பதினைந்தாம் முறைக்குத் தண்ணீர் வைக்காமல், ஹவுசிங்கைப் பலிகொடுக்கத் தீர்மானித்தேன். புதிய ஹவுசிங் கடையில் கிடைக்கும். எஞ்சின் தலை அப்படியல்ல. காரோடு வந்த பாகம் ஒன்றேனும் குறையக்கூடாதென்று விரும்பிய டீமேக்கர் ஐயாவுக்கு இது வருத்தமே. எனினும், தலைக்குள் இன்னொரு ஸ்டட் முறிந்தால் தலை முழுவதையும் பட்டறைக்கு எடுத்துச்செல்ல வேண்டிவரும் என்று விளக்கியபோது உடன்பட்டார். ஹெக்சோ வாளால் ஹவுசிங்கின் ஓரத்திலிருந்து ஸ்டட்டை நோக்கி, எஃகைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீற்றர் முன்புவரை அறுத்து, அந்த வெட்டில் மழுங்கிய உளியைச் செருகித் திருப்பினோம். அலுமினியம் வாய்பிளந்து ஸ்டட்டை விட்டது.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்றிருந்தது. ஹவுசிங் போனதும், முறிந்த ஸ்டட்டின் உடல் தலைக்கு மேலே இரண்டு சென்ரிமீற்றரளவு நின்றது. அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து நிரப்பி, சிவப்பு தணியும் வேளையில் அடியில் மெழுகுவர்த்தியை வைத்தோம். உருகிய மெழுகு மரைக்குள் உறிஞ்சப்பட்டது. ஒரே மூச்சில் கழற்றாமல், கால் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாக ஆட்டி எடுத்தோம். நான் மேல்நுனியில் முறித்ததே நல்லூழ். தலையின் மட்டத்தோடு முறிந்திருந்தால் நடுவில் துளையிட்டு, உடைந்த ஸ்டட்டை இழுக்கும் ஈசி அவுட்டைத்தான் பலரும் தேடியிருப்பார்கள்; சிறிய ஸ்டட்டுகளில் அந்தக் கருவியை நான் பயன்படுத்துவதில்லை. அது உள்ளே முறிந்தால், எந்தத் துளையூசியும் வெட்டாத கடும் எஃகு துளைக்குள் நின்றுவிடும்.

பித்தளை நட்டுகள்

எங்கள் கொப்பியில் மனிபோல்டின், அதாவது எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் போகவும் புகை வெளியேறவும் உள்ள குழாய்த் தொகுதியின், நட்டுகளுக்கு எதிரே “இலகு” என்று எழுதியிருந்தோம். பித்தளை துருப்பிடிக்காது, வெப்பம் படும் எஃகு ஸ்டட்டுகளில் பித்தளை நட்டுப் போடுவதே பின்னாளில் கழல்வதற்காகத்தான். ஸ்பேனரை வைத்துத் திருப்பியபோது முதல் நட்டு இரண்டாகப் பிளந்து கையோடு வந்தது. இரண்டாவதும் அவ்வாறே. உருப்பெருக்கியால் பார்த்தபோது, இன்னும் தொடாத நட்டுகளிலும் நீளவாக்கில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. துருவோ தேய்வோ கிடையாது, பொன்னிறம்கூட மங்கவில்லை.

பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் இப்படித்தான் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவே காரணம் என்று 1921 இல் விளக்கப்பட்டது. இறுக்கத்தில் இருக்கும் பித்தளை, ஈரமும் அமோனியாவும் சேர்ந்த காற்றில் வெடித்துப் பிளக்கும். யூரியா ஈரத்தில் சிதையும்போதும், சல்பேட் ஒஃப் அமோனியா ஈர டொலமைட்டோடு சேரும்போதும் அமோனியா வெளிவரும். ஏ-சீரிஸ் எஞ்சினில் மனிபோல்ட் இருப்பது இடப்பக்கம். மூட்டைகள் இருந்ததும் இடப்பக்கம். கொட்டகைக்குள் நுழைந்த அன்று மூக்கில் ஏறிய காரநெடியை நான் மறுபடி நினைத்துக்கொண்டேன்.

இதற்குப் பின் கொப்பியை முதலிலிருந்து திருத்தி எழுதினோம். பித்தளை உள்ள ஒவ்வொரு பாகத்தையும், அதாவது ரேடியேற்றரின் மேல்தொட்டி, எஸ்யூ என்ற தயாரிப்பான கார்புரேற்றரில் பெற்றோல் வெளிவரும் ஜெட், பெற்றோல் குழாய்களின் இணைப்பு நட்டுகள் ஆகியவற்றைத் தொடுவதற்கு முன் உருப்பெருக்கியால் பார்த்தோம். பெற்றோல் குழாயின் இரண்டு நட்டுகளில் வெடிப்பு இருந்தது. கார் ஓடத் தொடங்கிய பின் அவை பிளந்திருந்தால், சூடான எஞ்சினின் மேல் பெற்றோல் சிந்தியிருக்கும்.

பூட்டியதும் மீளச் சோதித்ததும்

கழற்றும் வேலை மொத்தமாக ஏழு வாரங்கள் பிடித்தது. அதில் ஹவுசிங்குக்கு மட்டும் ஒன்பது நாட்கள். புதிய ஹவுசிங்கைப் பூட்டும்போது, அதன் மூன்று துளைகளையும் அரை மில்லிமீற்றர் பெரிதாக்கி, ஸ்டட்டின் உடலில் கிறீஸைத் தடிப்பாகப் பூசி, நட்டின் அடி வாஷரைச் சுற்றியும் தடவினோம். மனிபோல்டுக்குப் புதிய பித்தளை நட்டுகளே போட்டோம், காரை இனி உரக் கொட்டகையில் நிறுத்துவதில்லை என்ற உடன்பாட்டோடு. அறுத்த ஹவுசிங்கின் இரண்டு துண்டுகளையும் டீமேக்கர் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மூன்று மாதங்கள் கழித்து, மழை ஓய்ந்த ஒரு காலையில், காரைச் சேர்விஸுக்குக் கொண்டுவந்தபோது, தேவை எதுவும் இல்லாமலே அரை அங்குல ரிங் ஸ்பேனரால் ஹவுசிங்கின் மூன்று நட்டுகளையும் கழற்றினேன். இரண்டு கட்டைவிரல்களால் தள்ளியபோது ஹவுசிங் ஸ்டட்டுகளில் வழுக்கி மேலே வந்தது. மறுபடி கிறீஸ் பூசி வைத்துப் பூட்டினேன்.